இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினுக்குள் உள்ள மின் உறுப்புகள் எவை? ஒவ்வொன்றின் வேலை என்ன?

பழுது பார்ப்பதற்காக என் மேசைக்கு அதிகம் வருபவை, வீட்டு மின்இணைப்பில் ஓடும் 200 ஆம்பியர் வகை இன்வெர்ட்டர் மெஷின்கள் என்பதால், அவற்றை வைத்தே விளக்குகிறேன்.

வெல்டிங் ராடின் நுனியில் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) நிலைத்து எரிய அதிக மின்னழுத்தம் தேவையில்லை. 100 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது ராடுக்கும் இரும்புக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 24 வோல்ட்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தருவதே மெஷினின் முழு வேலையும். பழைய மெஷின்கள் இதை 50 ஹெர்ட்ஸிலேயே செய்தன; அதனால்தான் ஆள் தூக்க முடியாத எடையில் இரும்புத் தகடுகளும் சுற்றுகளும் தேவைப்பட்டன. அதிர்வெண் உயர உயர, அதே திறனைக் கடத்தச் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு உண்மையைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே வந்தவை.

உள்ளே வரும் ஏசி மின்சாரத்தை முதலில் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் டிசியாக மாற்றுகிறது. பெரிய கெப்பாசிட்டர்கள் அதைச் சேமித்துச் சீராக்கி, ஏறக்குறைய 325 வோல்ட்டில் நிறுத்துகின்றன. காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே நொடியில் பெரும் மின்னோட்டத்தை இழுத்துவிடும் என்பதால், தொடக்கத்தில் ஒரு ரெசிஸ்டரோ தெர்மிஸ்டரோ (சூட்டுக்கேற்ப தடை மாறும் ரெசிஸ்டர்) அதைத் தடுத்து மெதுவாக நிரப்புகிறது. நிரம்பியதும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அந்தத் தடையைத் தாண்டி நேர்வழி கொடுக்கிறது. சுவிட்சைப் போட்டபின் சற்றுத் தாமதித்துக் கேட்கும் ‘டக்’ ஒலி அந்த ரிலேயினுடையது. அந்த ஒலி வராத மெஷினில் வெல்டிங் செய்தால், முழுச் சுமையும் அந்தச் சிறிய தடையின் வழியே போய் அது கருகிவிடும்.

அடுத்து வரும் ஐஜிபிடிகள்தான் (அதிவேக மின்னணு சுவிட்சுகள்) மெஷினின் இதயம். அவை டிசியை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, மீண்டும் ஏசியாக்கி, ஃபெரைட் (உயர் அதிர்வெண்ணுக்கு ஏற்ற காந்தப் பொருள்) கொண்ட சிறிய டிரான்ஸ்பார்மருக்கு அனுப்புகின்றன. அங்கே மின்னழுத்தம் குறைந்து ஆம்பியர் கூடுகிறது. வெளிவருவதை மறுபடியும் டிசியாக்க விரைவு டயோடுகள் வேண்டும். சாதாரண டயோடு அந்த வேகத்தில் அணைய முடியாமல் சூடாகி வெடித்துவிடும். கடைசியில் உள்ள சோக் சுருள் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிப்பதால் ஆர்க் அறுபடாமல் எரிகிறது.

நாம் திருப்பும் ஆம்பியர் குமிழ் அந்தப் பெரிய மின்னோட்டத்தை நேரடியாகத் தொடுவதில்லை. அது நாம் கேட்கும் அளவை மட்டுமே கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்கிறது; போர்டு, ஓடும் ஆம்பியரை அளந்து பார்த்து, ஐஜிபிடி திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ அந்த அளவைப் பிடித்து வைக்கிறது. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கில் உள்ள தெர்மோஸ்டாட் அதிகச் சூட்டை உணர்ந்து, மஞ்சள் விளக்கை எரியவிட்டு வெல்டிங்கை நிறுத்தும். அப்போது தயவுசெய்து மெஷினை அணைக்காதீர்கள். ஃபேன் ஓடினால்தான் சூடு இறங்கும்.

திறந்து பார்க்க விரும்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை வடிப்பதற்கென உள்ள ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் அது நெடுநேரம் இறங்காது. சில நிமிடங்கள் காத்திருந்து, மல்டிமீட்டரில் டிசி வோல்ட்டை அளந்து உறுதி செய்யாமல் எதையும் தொடக்கூடாது. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வதும் தவறு.

என்னிடம் வருபவற்றில் பல, கிரைண்டர் உமிழும் இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுத்து, ஐஜிபிடி கால்களுக்கிடையே அது படிந்து ஷார்ட் ஆனவை. ஐஜிபிடியை மாற்றுவதற்கு முன் அதை இயக்கும் டிரைவர் சுற்றையும் சோதிக்க வேண்டும். இல்லையெனில் புதியதும் அதே நொடியில் போய்விடும். அதனால் பழுது நீக்கிய மெஷினை நான் முதலில் சீரிஸ் பல்பு வழியாகவே, அதாவது மின்இணைப்புக்கும் மெஷினுக்கும் இடையே ஒரு பல்பைத் தொடராக இணைத்தே, இயக்குகிறேன். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது என்று பொருள். மங்காமல் எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது.