தூண்டில் கம்பு போதும், நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

கேள்வி: அபுதாபியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கொல்லங்கோட்டுக்கே திரும்பிவிட்டேன். அங்கே விடுமுறை நாட்களில் எட்டடித் தூண்டில் கம்பும் 4000 அளவு ரீலும் வைத்துக்கொண்டு கல்கட்டுகளில் நின்று ஷாரி, சாஃபி, பாரை மீன்களை எல்லாம் பிடித்திருக்கிறேன். அதே சாமான்களோடு தேங்காய்ப்பட்டினத்துக்கும் பொழியூருக்கும் போனால் கெளுத்தியும் பேத்தையும்தான் வருகின்றன. ஈயம் பாறையில் மாட்டி அறுந்துபோவதும் வாடிக்கையாகிவிட்டது. பன்னிரண்டடிக் கம்பு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் சாமானே நம் கடலுக்குத் தாராளம். அங்கே பழகிய முறையைத்தான் மாற்ற வேண்டும்.

வளைகுடாவின் சராசரி ஆழமே 35 மீட்டர் அளவுதான். ஹோர்முஸ் நீரிணை ஒன்றுதான் அதற்கு வாசல். நல்ல காற்று வீசும் நாட்களைத் தவிர, கல்கட்டில் நிற்பவர் அலையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அபுதாபி கரைக்கு ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. வெயிலில் நீர் ஆவியாகி, லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்பேறி நிற்கிறது. மீன் அங்கே கல்லையும் கடல்புல்லையும் அண்டியே வாழும். ஏற்ற இறக்கத்துக்கு நீர் ஓடும் நேரத்தில், கல்லை ஒட்டி அடியில் இரையைக் கிடத்தினால் ஷாரி கவ்விவிடும். நீங்கள் இங்கும் அதைத்தான் செய்கிறீர்கள். செத்த சாளையை ஈயத்தோடு அடியில் கிடத்தினால், நம் கரையில் முதலில் மோப்பம் பிடித்து வருவது கெளுத்திதான்.

நம் பக்கம் மீனைக் கரைக்குக் கூட்டிவருவது ஆறு. தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்கிறது. பொழியூருக்கும் பூவாருக்கும் நடுவே நெய்யாறு. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு என்பதால், ஆண்டில் இரண்டு தடவை ஆறு கடலில் சேரும் வாயான பொழி வழியாகக் கலங்கல் நீர் இறங்கும். மழை விட்டு நான்கைந்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். கலங்கல் நீரும் நீல நீரும் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோல் நிறம் மாறியிருக்கும். ஆற்றிலிருந்து இறங்கும் இறாலுக்கும் மடவைக்குஞ்சுக்கும் கொடுவாவும் பாரையும் அந்தக் கோட்டில்தான் காத்துக் கிடக்கும். செம்பல்லி இன்னும் உள்ளே, கல்லிடுக்கிலும் பாலத்தூண் அடியிலும் இருக்கும்.

நம் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால் அங்கே பார்த்ததுபோல் எல்லா இடத்திலும் நீரோட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். பொழிமுகம் போன்ற குறுகலான வாயில் மட்டும், கடல் வற்றும் நேரத்தில் நீர் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த வற்றம் விடியற்காலையிலோ அந்தி சாயும் நேரத்திலோ அமைகிற நாளைத் தேர்ந்தெடுங்கள். கடலைப் பார்த்து நிற்காமல், ஆற்றுப் பக்கம் திரும்பி நில்லுங்கள். இந்தத் தூரத்துக்கு எட்டடிக் கம்பே வசதி.

இரை உயிரோடு இருக்க வேண்டும். காயலில் கைவலை போடுபவரிடம் கேட்டால் உயிருள்ள இறால் கிடைக்கும். அதன் தலையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொம்புக்கு அடியில், ஓட்டுக்குள்ளே கரும்புள்ளி ஒன்று தெரியும். தூண்டில் முள் அதில் பட்டால் இறால் அப்போதே செத்துவிடும். அதற்கு முன்னால், கொம்பின் அடியை ஒட்டிக் குறுக்காக முள்ளை ஏற்றினால் வெகுநேரம் துள்ளிக்கொண்டிருக்கும். ஈயத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டத்தோடு இறாலைப் போகவிடுங்கள். ஈயம் இல்லாவிட்டால் பாறையில் மாட்டுவதும் குறைந்துவிடும். பின்னல் நரம்பின் நுனியில் இரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) கட்டாயம் வேண்டும். கொடுவாவின் செவுள்மூடி கத்தி. மெல்லிய நரம்பை ஒரே உதறலில் அறுத்துவிடும்.

கெளுத்தி எப்படியும் வரத்தான் செய்யும். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. குறடு இல்லாமல் தொடாதீர்கள். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவு சூடான நீரில் ஒரு மணி நேரம் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். பேத்தையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத அலைக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கவலை அதில்தான். நமக்குத் தெற்கே அண்டார்டிகா வரை அலையைத் தடுக்க நிலமே கிடையாது. அங்கே எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் கரையேறும். நம் மீனவர்கள் கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்கோய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. கிளம்பும் முன்பு அந்த மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும், கம்பை விரிக்காமல் இருபது நிமிடம் தள்ளி நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவில் நெடுநேரம் கடல் அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பி இறங்குபவரைத்தான் அடுத்த கூட்டம் அடித்துச் செல்கிறது. கல்லில் பாசி படிந்த கோடு எது வரை இருக்கிறதோ, அது வரை நீர் வரும் என்று பொருள். அதற்கு மேலே, காய்ந்த கல்லில் நில்லுங்கள். கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவின் நுனிக்கும், டெட்ராபாட் என்ற நான்கு கால் கான்கிரீட் கட்டிகளின் மேலும் போகவே கூடாது. அவற்றின் இடுக்கில் விழுந்தவரைப் பக்கத்தில் நிற்பவரால்கூடத் தூக்க முடியாது.

தேங்காய்ப்பட்டினம் துறைமுக வாயைப் பிழைப்புக்குக் கடலில் போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். அங்கே படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. வள்ளத்தை உள்ளே கொண்டுவருபவரின் கண் முன்னால் நரம்பு குறுக்கிடக் கூடாது. கரையிலிருந்து கரைமடி வலை இழுக்கும் இடத்திலும் அப்படியே. முதலில் அவர்களிடம் கேளுங்கள். மீன் எங்கே நிற்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகத்தின் பக்கம் போக அனுமதி இல்லை.

அபுதாபியில் அனுமதிச் சீட்டு எடுத்து, ஹமூர் (நம் களவா மீன்) 45 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் திருப்பி விட்டிருப்பீர்கள். இங்கே பொழிக்கரையில் யாரும் அளவுகோல் கொண்டு வரமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள், கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஹமூர் பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாகும். கொடுவா நேர்மாறு, ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாகும். ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய். குழம்புக்கு நடுத்தர அளவில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சையும், மிகப் பெரியதையும் விட்டுவிடுங்கள். விடும்போது கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே தாங்கிப் பிடியுங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்தால், நீந்திப் போவதுபோல் தோன்றினாலும் பிழைக்காமல் போகலாம்.