முதல் கறுப்பினப் பயிற்சியாளர் யார்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைச் சங்கமான என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்துச் சங்கம்) போட்டிகளில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் 1989இல் பொறுப்பேற்ற ஆர்ட் ஷெல் என்று ஓரிடத்திலும், 1921இலேயே ஃபிரிட்ஸ் போலார்ட் என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: போலார்டே முதலாமவர். ஷெல்லை நவீன காலத்தின் முதலாமவர் என்று குறிப்பிடுவதுதான் பொருந்தும். அந்த அடைமொழியை விட்டுவிட்டு எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது.

1894இல் சிகாகோவில் பிறந்த போலார்ட், பிரவுன் பல்கலைக்கழக அணிக்காக ஆடியபோது, 1916ஆம் ஆண்டு ரோஸ் பவுல் என்னும் புகழ்பெற்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பினத்தவரானார். 1919இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் அணியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, பின்னாளில் என்.எஃப்.எல். எனப் பெயர் மாறிய சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றதும் இந்த ஆக்ரன் அணியே. எட்டு வெற்றி, மூன்று சமநிலை, ஒரு தோல்வியும் இல்லை. 1921இல் போலார்ட் அந்த அணியில் ஆடிக்கொண்டே எல்ஜி டோபினுடன் இணைந்து பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார்.

ஆனால், ஆக்ரன் ஊர்க் கூட்டத்தின் வசவுக்கு அஞ்சி, மைதானத்தில் அல்லாமல் அணி உரிமையாளர் ஃபிராங்க் நீட்டின் சுருட்டுத் தொழிற்கூடத்தில் உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் காரில் வந்து இறங்கியதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். உருவத்தில் சிறியவரான அவர், விழுந்தபின் வேண்டுமென்றே மேலே வந்து பாய்கிறவர்களைத் தடுக்க, மல்லாந்து படுத்துக் கால்களை மிதிவண்டி மிதிப்பதுபோல் சுழற்றுவாராம். விதிகள் காப்பாற்றாத இடத்தில் கால்கள் காப்பாற்றின என்றே சொல்ல வேண்டும்.

மில்வாக்கி, ஹேமண்ட், பிராவிடன்ஸ் அணிகளிலும் ஆடிய அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கை 1926இல் முடிந்தது. 1934 முதல் 1945 வரை அந்தச் சங்கத்தில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. எழுத்தில் தடை எதுவும் இல்லாமலே, உரிமையாளர்களின் மௌன உடன்பாட்டால் நேர்ந்த விலக்கு இது என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அந்த ஆண்டுகளில் நியூயார்க்கில் 'பிரவுன் பாம்பர்ஸ்' என்னும் கறுப்பின அணிக்கு அவர் பயிற்சி அளித்தார். 1986இல் காலமான போலார்டுக்குத் தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கில் இடம் கிடைத்தது 2005இல்தான்.