குரூப் 1 கனவும் நகைக்கடன் வட்டியும்

தம்பி, அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார், நகைக்கடன் வட்டி ஏறுகிறது, இரண்டு வருஷம் படித்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போங்கள். படிப்பை மட்டும் விடாதீர்கள்.

27 வயது, பி.சி. என்கிறீர்கள். குரூப் 1-க்கு உங்களுக்கு 39 வரை வரம்பு உண்டு. அப்பாவின் மருந்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

நானும் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு படித்தவன்தான். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைப் பாடம் பாடமாகப் பிரித்து ஸ்டேப்ளர் அடித்து, ஒன்றை மட்டும் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பேன். மதியம் கூட்டம் குறைந்ததும் எடுப்பேன். வியர்வையில் தாள் நமுத்துப்போயிருக்கும். ஒரு நாளைக்கு நாலு பக்கம் ஓடினாலே பெரிது. ஆனால் விட்டுப்போகவில்லை.

குரூப் 4-ஐ முதலில் எழுதுங்கள். ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் இல்லை, 200 கேள்வியில் 100 தமிழ். இளநிலை உதவியாளராகச் சேர்ந்த பிறகும் குரூப் 1 எழுதலாம். அதை இறக்கமாக நினைக்கவே நினைக்காதீர்கள், தம்பி.

காசு கட்டும் கோச்சிங்கை நிறுத்திவிடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் நடத்தும் வகுப்பு இலவசம். முதல் சம்பளத்தில் நகை வட்டியைக் கட்டுங்கள், அம்மாவின் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடக் கூடாது.