வேலிக்கு அப்பால் லாரி ஷெட்: கவுண்டியால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: டெக்சஸில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வீடு வாங்கியிருக்கிறோம். முகவரியில் ஊர் கேட்டி என்று இருக்கிறது. சில மாதங்களாகப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் லாரிகள் நிற்கின்றன. ராத்திரி முழுக்க டீசல் எஞ்சின் சத்தம். சிட்டி ஹாலில், ‘நீங்கள் எங்கள் எல்லையில் இல்லை’ என்றார்கள். கவுண்டியிலோ, ‘எங்களுக்கு ஜோனிங் (எந்த நிலத்தில் என்ன நடக்கலாம் என்று வகுக்கும்) அதிகாரமே கிடையாது’ என்கிறார்கள். வருடா வருடம் வரி கட்டுகிறோமே! பேசாமல் எங்கள் பகுதியைத் தனிக் கவுண்டியாகப் பிரித்துவிட முடியாதா?

பதில்: இரண்டு அலுவலகமும் சொன்னது சரிதான். தபால் முகவரியில் ஊர் பெயர் இருப்பதால் மட்டும் நீங்கள் அந்த நகரத்துக்குள் வந்துவிட மாட்டீர்கள். உங்கள் சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள். பள்ளி மாவட்டம், கவுண்டி, வடிகால் மாவட்டம், மட் (தண்ணீர், சாக்கடை வசதி தரும் MUD மாவட்டம்) என்று வரிசையாக இருந்து, சிட்டி என்ற வரி மட்டும் இல்லையென்றால், உங்கள் வீடு எந்த நகரத்திலும் சேராத நிலத்தில் இருக்கிறது.

கவுண்டியைப் பெரிய நகராட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். டெக்சஸில் அது மாநில அரசின் ஒரு கை. சட்டமன்றம் எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு. நிலத்தை இன்ன உபயோகத்துக்கு என்று ஒதுக்கும் அதிகாரத்தை, ஒருசில இடங்கள் தவிர, கொடுக்கவில்லை. டெக்சஸின் 1876 அரசியலமைப்பு பண்ணைகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. இன்று ஹூஸ்டனைச் சுற்றி லட்சக்கணக்கானவர்கள் இப்படிப்பட்ட நிலத்தில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

தனிக் கவுண்டி நடக்காது. புதிதாகப் பிரிப்பதும் சரி, பிரித்தபின் மிஞ்சுவதும் சரி, 700 சதுர மைலுக்குக் குறையக் கூடாது என்கிறது அரசியலமைப்பு. ஃபோர்ட் பெண்டின் மொத்தப் பரப்பே சுமார் 885. டெக்சஸின் 254 கவுண்டிகளில் கடைசியாக உருவாக்கப்பட்ட கெனடி கவுண்டி 1921இல் வந்தது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ரிச்மண்டில் கவுண்டி கிளர்க் பதிவுகளில் அந்த லாரி நிலத்தின் பத்திரங்களைத் தேடுங்கள். குடியிருப்புக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதிய கட்டுப்பாடு, அதாவது டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் அதன்மேல் இருந்தால், நகரமில்லாத இடத்தில் அதைவிடப் பலமான ஆயுதம் வேறில்லை. 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டியில், கவுண்டியின் அரசு வக்கீலான கவுண்டி அட்டர்னியே அதை அமல்படுத்த வழக்குப் போடலாம். அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் கவுண்டி இன்ஜினியரிங் அலுவலகம். மண் கொட்டி மேடாக்க வெள்ளச்சமவெளி அனுமதி (வெள்ளம் பாயக்கூடிய நிலத்தில் வேலை செய்ய வாங்க வேண்டியது) வாங்கினார்களா, கவுண்டி ரோட்டில் கல்வெர்ட் போட்டு வாசல் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இவையெல்லாம் கவுண்டியின் கையில் உள்ளவை. அனுமதி இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

ராத்திரிச் சத்தத்துக்கு ஷெரிஃபை, அதாவது கவுண்டி போலீஸைக் கூப்பிடுங்கள். போலீஸ் அதிகாரி எச்சரித்த பிறகும் 85 டெசிபலைத் தாண்டினால், அது நியாயமற்ற சத்தம் என்றே குற்றவியல் சட்டம் அனுமானிக்கும். அதனால் அவர் வந்து எச்சரித்துவிட்டுப் போனது பதிவாவது முக்கியம்.

கமிஷனர்ஸ் கோர்ட் என்பது பெயரில்தான் கோர்ட். கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் உட்காரும் நிர்வாக சபை அது. உங்கள் பகுதிக் கமிஷனரைப் பார்த்து இதை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்துவிட்டால், அதைப் பற்றிப் பேச உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

இவை எதுவும் பலிக்காவிட்டால், தொல்லைக்காகச் சிவில் வழக்கு. அதற்குக் கெடு 2 வருடம். தொல்லை தொடங்கிய நாளிலிருந்தே அது ஓட ஆரம்பித்திருக்கலாம். ஆகவே முதல் லாரி வந்த தேதியை இன்றைக்கே எழுதி வையுங்கள். வீடியோவோடு உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.