தொதலைக் கிண்டாமல் விட்டால்…

கேள்வி: நானும் நண்பனும் ஒரே மாதிரியான மூன்று காய்களை வரிசையாகப் பொருத்தும் புதிர் கேம் ஒன்று செய்கிறோம். பழங்களுக்குப் பதிலாக பிட்டு, இடியப்பம், பாலப்பம், தயிர், தொதல் என்று நம்மூர்ச் சாப்பாட்டை வைத்தோம். 20 லெவலும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கல்முனை

பதில்: படம்தான் மாறியிருக்கிறது, ஆட்டம் மாறவில்லை. சாப்பாடு அடுப்பில் என்ன செய்யுமோ அதையே லெவலின் விதியாக்குங்கள்.

தொதலை எடுங்கள். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சர்க்கரையும் இறுகி வரும்போது கிண்டுகிற கை நின்றால் அடிப்பிடிக்கும். பலகையில் 2×2 கட்டத்துக்கு ஒரு தாச்சி (வாணலி) வையுங்கள். அதை ஒட்டி ஒரு பொருத்தம் நடந்தால் ஒருதரம் கிண்டியதாகக் கணக்கு. எட்டுத்தரம் கிண்டினால் தொதல் தயார். தொடர்ந்து மூன்று நகர்வு கிண்டாவிட்டால் ஒட்டியுள்ள கட்டம் ஒன்று கருகி அடைபடும், அதைத் திறக்க இரண்டு பொருத்தம் வேண்டும். கருக இன்னும் எத்தனை நகர்வு என்பதைத் தாச்சியின் மேலேயே காட்டுங்கள். இல்லையென்றால் ஏன் தோற்றோம் என்றே ஆடுபவருக்குப் புரியாது. தாச்சியை மூலையில் வைக்கவே வேண்டாம். நடுவில் அதை ஒட்டி எட்டுக் கட்டம் இருக்கும், மூலையில் நாலுதான். அதில் இரண்டு கருகினால் பாதி வழி போய்விடும்.

தயிர் இதற்கு நேர்மாறு. எருமைத் தயிர் அப்படிக் கட்டியாக நிற்க, மண் சட்டி தண்ணீரை உறிஞ்சுவதும் ஒரு காரணம். ஆகவே சட்டி தடையல்ல, துணை: நகர்வுக்கு ஒரு நீர்க் கட்டத்தை உறிஞ்சட்டும். கடினமான தொதல் லெவலுக்கு அடுத்து இதை வையுங்கள்.

பிட்டுக்கு மாவு, தேங்காய்ப்பூ, மாவு என்ற அடுக்கு வரிசையே இலக்கு. குழலை மட்டும் ஒரு கட்ட அகலப் பாதையாக வரைந்துவிடாதீர்கள். அங்கே குறுக்குப் பொருத்தம் அமையாது, பலகை சீக்கிரம் இறுகிவிடும்.

இன்னொரு பெரிய பிழை நிறத்தில் இருக்கிறது. பிட்டு, இடியப்பம், பாலப்பம், தயிர் நாலும் வெள்ளை! வெள்ளைக்கு இடியப்பம் ஒன்று போதும். அவித்த நண்டு சிவப்பு, மாம்பழம் மஞ்சள், கத்தரிக்காய் ஊதா, கறிவேப்பிலை பச்சை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், ஆகவே உருவமும் வேறுபட வேண்டும். கேம் ஓடும் திரையைப் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி.

கேள்வி: ஒரு லெவலுக்கு எத்தனை நகர்வு கொடுப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: 8×8 பலகை, ஐந்து நிறம் என்றால் 30 கொடுத்துத் தொடங்குங்கள். கேமை முன்பு பார்க்காத பத்துப் பேரை ஆடவிட்டு, மிஞ்சிய நகர்வை எழுதுங்கள். பெரும்பாலானோருக்கு பத்து மிஞ்சினால் 23 ஆக்கலாம். தோற்றவர் இலக்கை நெருங்கித் தோற்றாரா என்றும் பாருங்கள், நெருங்கியவர்தான் மறுபடி ஆடுவார். நகர்வைத் தொடாமல் நிறத்தை நாலாகக் குறைத்தால் யோசிக்காமலே காய்கள் தானாகப் பொருந்தி விழும், ஆறாக்கினால் பொருத்தம் அரிதாகி அடிக்கடி கலைத்துப் போட வேண்டிவரும். செய்தவரே ஆடிப் பார்த்து எண்ணிக்கை வைக்க வேண்டாம், வழி அவருக்கு முன்பே தெரியும்.