தந்தியைத் தொட்டால் மட்டும் கிட்டார் இரைச்சல் ஏன் அடங்குகிறது?

மலிவாக வாங்கிய பழைய எலக்ட்ரிக் கிட்டார் சும்மா இருந்தாலும் இரைகிறது, தந்தியில் கை வைத்தால் அடங்கிவிடுகிறது. ஏன்?

கிட்டாரின் காது பிக்கப். காந்தத்தைச் சுற்றி, முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள் அது. தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். ஆனால் எதைக் கேட்பது, எதை விடுவது என்று அந்தக் காதுக்குத் தெரியாது; சுவருக்குள் ஓடும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலையும் சேர்த்தே பிடிக்கும்.

போதாததற்கு உங்கள் உடம்பும் ஓர் ஏரியல். அறையிலுள்ள மின் இரைச்சலை வாங்கிப் பிக்கப்புக்குக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டதும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பற்றவைத்த கிரவுண்ட் (எர்த்) ஒயர் வழியாக அது வடிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? பிக்கப்பும் ஒயர்களும் இருக்கும் கிட்டாரின் உள்குழியில் செம்புத் தாள் ஒட்டி, அதையும் கிரவுண்டோடு இணையுங்கள். 'சர்ர்' சத்தம் நன்றாகக் குறையும். அடியில் ஓடும் 'ம்ம்ம்' மட்டும் போகாது. குடை மழையைத்தான் தடுக்கும், புழுக்கத்தை அல்ல. அந்த 'ம்ம்ம்' போக, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர் என்ற பிக்கப் வேண்டும். 1955இல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் அதை உருவாக்கியதே இதற்காகத்தான்.

தொட்டால் சத்தம் குறைவதைக் 'கிரவுண்ட் போய்விட்டது' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கிரவுண்ட் ஒயர் ஒழுங்காக இருப்பதால்தான் குறைகிறது, தொட்டால் கூடினால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும்.