அமெரிக்க ராணுவத்தில் விழாச் சீருடைக்குப் பணம் கொடுப்பது யார்?

அன்புள்ள தம்பி,

கிரீன் கார்டில் வந்து ஓராண்டு ஆகிறது, ராணுவத்தில் சேர, ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், விழாக்களுக்கு அணியும் சீருடை இலவசம் என்று ஒரு நண்பரும் அதற்கே 2,000 டாலர் போய்விட்டது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். முதலாமவர் சிப்பாயாகவும் இரண்டாமவர் அதிகாரியாகவும் சேர்ந்திருப்பார். இந்நாட்டு ராணுவம் சிப்பாய்க்கு உடுப்பைக் கொடுக்கிறது. அதிகாரியை வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. குடியுரிமை இல்லாதவர் பொதுவாக அதிகாரியாக நியமனம் பெற முடியாது என்பதால், இப்போதைக்கு உங்களுக்குப் பொருந்துவது சிப்பாய்க்கான முறைதான்.

தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் போன்ற பயிற்சி முகாமுக்குச் சென்றதும், முதல் சில நாட்களிலேயே அன்றாடச் சீருடைகளையும் பூட்ஸையும் கொடுத்துவிடுவார்கள். விழாச் சீருடைக்கு அத்தனை அவசரம் இல்லை. பயிற்சியின் போக்கில் அளவெடுத்து, தையற்காரர் உடம்புக்கு ஏற்பத் திருத்தி, நிறைவு அணிவகுப்புக்குள் தயாராக்கிவிடுவார்கள். கோட்டு, கால்சட்டை, சட்டை, டை, தொப்பி, பித்தளைச் சின்னங்கள் எல்லாம் இதில் அடங்கும். அப்போதைய திருத்தக் கூலியும் உங்களுடையது அல்ல. பெண்களுக்கு உள்ளாடைக்கென்று ஒருமுறை ரொக்கமாகவும் தருகிறார்கள். ஆனால் சோப்பு போன்ற சொந்தத் தேவைகளுக்கு அங்கேயே முன்பணம் தந்து, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சீருடைக்குப் பணம் பிடித்துவிட்டார்கள் என்று முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து வீட்டுக்குப் புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிடித்தத்தைத்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே இணையத்திலோ முகாம் வாசலில் உள்ள கடைகளிலோ முன்கூட்டியே எதையும் வாங்கிவைக்க வேண்டாம்.

செலவுக் கணக்கு உண்மையில் தொடங்குவது அதன் பிறகுதான். கையில் வந்த சீருடையைப் பராமரிப்பதும், நைந்தாலோ உடம்பு பெருத்துப் பொருந்தாமல் போனாலோ மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. அதற்காக முழுநேரச் சிப்பாய்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை உடுப்புப் படி என்ற தொகை கிடைக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு விகிதமும், உடுப்பெல்லாம் பழசாகத் தொடங்கும் காலம் என்பதால் அதற்குப் பிறகு அதைவிடக் கூடுதலான விகிதமும் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தொகை வேறுபடும். சில நூறு டாலர் வரும், அதற்கு வருமான வரி இல்லை. நீங்கள் பணியில் சேர்ந்த மாதம் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது அது சம்பளத்தோடு சேர்ந்து வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். எதற்காக வந்தது என்பது சம்பளச் சீட்டில் ஒரு வரியாக மட்டுமே இருக்கும். இளம் சிப்பாய்களில் பலர் அதைப் போனஸ் என்று நினைத்துச் செலவழித்துவிட்டு, சீருடைச் சோதனை அறிவிக்கப்பட்ட வாரத்தில் கடன் கேட்டு அலைவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். இந்தப் படி போதுமா என்றால், ஒழுங்காக எடுத்துவைப்பவருக்குப் பெரும்பாலும் போதும் என்பதே என் எண்ணம்.

சீருடையே மாறும்போது இந்தப் பொறுப்பின் கனம் தெரியும். தமிழ் உட்படச் சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்துவதற்கு முன்பு அதன் வழியாக வந்தவன் நான். அன்று எங்களுக்குக் கொடுத்தது நீலச் சீருடை. 2018 நவம்பரில், இரண்டாம் உலகப் போர்க்கால உடையை ஒட்டிய பச்சைச் சீருடையை ராணுவம் அறிவித்தது. புதிதாகச் சேரும் உங்களுக்கு அது பயிற்சியிலேயே கிடைத்துவிடும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் 2027 அக்டோபர் 1-க்குள் அதை வைத்திருக்க வேண்டும். சிப்பாய்கள் அதை ஆண்டுப் படியிலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இத்தனை ஆண்டு அவகாசம் கொடுத்ததும் அதனால்தான்.

சில்லறைச் செலவுகளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பதவி உயர்ந்தால் கோட்டின் இரு கைகளிலும் புதிய பட்டை தைக்க வேண்டும். மூன்றாண்டுப் பணிக்கு ஒன்று என்று இடது கையில் சேவைக் கோடும் ஏறும். பதக்கத்தை அரசு தருகிறது, ஆனால் ரிப்பன்களை ஒழுங்காக அடுக்கித் தரும் கடைக்காரர் அதற்குக் கூலி வாங்குவார். முகாமுக்குள் உள்ள ராணுவ உடுப்புக் கடையில் விற்பனை வரி இல்லை. விலையில் லாபம் சேர்ப்பதும் இல்லை. வெளியே மலிவாகக் கிடைக்கும் சின்னங்களை வாங்குவதாக இருந்தால், ராணுவச் சின்னங்களுக்கான நிறுவனத்தின் அனுமதி பெற்ற தயாரிப்பாளரின் குறியீடு பின்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வருடாந்தர விருந்துக்கு மெஸ் டிரஸ் எனப்படும் தங்கப் பின்னல் வைத்த குட்டைக் கோட்டு சிப்பாய்க்குக் கட்டாயம் இல்லை. அழகான உடைதான், ஆனால் கொடுத்த சீருடையிலேயே போகலாம் என்றிருக்க, ஆண்டுக்கு ஓர் இரவுக்காக அத்தனை செலவு செய்யும் இளம் சிப்பாயை நான் தடுக்கவே செய்வேன்.

குடியுரிமை பெற்றுப் பின்னாளில் அதிகாரியாக நினைத்தால் நிலைமை வேறு. சட்டப்படி அதிகாரிக்கு ஒரே ஒருமுறை தரப்படும் தொடக்க உடுப்புப் படியின் உச்சவரம்பு 400 டாலர்தான். ஆண்டுதோறும் வரும் படி அவர்களுக்கு இல்லை. பச்சைச் சீருடை, காலணி, சின்னங்கள், திருத்தக் கூலி, மெஸ் டிரஸ் என்று சேர்த்தால் உங்கள் இரண்டாவது நண்பர் சொன்ன தொகையில் வியப்பு இல்லை.

நான் மேலே சொன்ன ரொக்கப் படி முழுநேரப் பணிக்கானது. பகுதிநேரப் படைகளான ரிசர்விலோ நேஷனல் கார்டிலோ சேரும் சிப்பாய்க்கு நைந்த உடுப்புக்குப் பதில் மாற்று உடுப்பையே தருவார்கள், பணமாக அல்ல. உங்கள் ரெக்ரூட்டர் எந்தப் பணியைப் பற்றிப் பேசுகிறார் என்பதைக் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.